பொது மதிப்பீடும் பாட நேரமும்: தொடக்க வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு

முதல் வருடம் எனக்கு மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள், 36 குழந்தைகள். இரண்டாம் பருவம் முடியும் நேரத்தில் கணக்கில் மூன்று பாடங்களைத் தொடவே இல்லை. ஆனால் அலமாரியில் திருத்திய விடைத்தாள் கட்டு மட்டும் ஒரு முழ உயரத்துக்கு இருந்தது. நான் நாளைக் கடத்தவில்லை, விடுப்பும் அதிகம் எடுக்கவில்லை, தினமும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தேன். நேரம் எங்கே போனது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடக்குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக எண்ணிய பிறகுதான் தெரிந்தது, தேர்வுகளும் தேர்வைச் சுற்றியுள்ள வேலைகளும் எவ்வளவு எடுத்துக்கொண்டன என்று. அதைவிட வருத்தமான விஷயம், அந்த விடைத்தாள்களை வைத்துக்கொண்டு நான் மறுபடி நடத்திய பாடம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பொது மதிப்பீடு என்று நான் சொல்வது ஒரே வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே வினாத்தாள், ஒரே வாரம், ஒரே மதிப்பெண் முறை என்று வைக்கும் தேர்வை. அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காக நடந்தால் பக்கத்துப் பிரிவு ஆசிரியருடன் உட்கார்ந்து பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அதை எப்படி நடத்துவது என்று புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, மதிப்பெண் பட்டியலை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வார்கள். நான் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே முதல் மூன்று படிகளை முடித்துவிடுங்கள், மற்றவை அந்தந்த நேரத்தில் செய்ய வேண்டியவை.

1. எல்லாத் தேர்வையும் ஒரே தாளில் கொண்டு வாருங்கள்

தேர்வுகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதுதான் முதல் சிக்கல். மேலிடத்திலிருந்து ஒன்று வரும், பள்ளி அளவில் ஒன்று இருக்கும், உங்கள் வகுப்பு ஆசிரியர்கள் கூடி முடிவு செய்தது ஒன்று இருக்கும், பாடநூலின் ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில் ஒரு பயிற்சித் தேர்வு இருக்கும், இது போக நீங்களே வைக்கிற சொல்வதெழுதுதல், வாய்ப்பாடு ஒப்பித்தல். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பள்ளி நாட்காட்டி, உங்கள் வகுப்புக் கால அட்டவணை, மேலிருந்து வந்த தேர்வு அட்டவணை, போன வருடம் இதே வகுப்பு எடுத்தவரின் பாடக்குறிப்பேடு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். அட்டவணையில் இல்லாத எத்தனையோ தேர்வுகள் அதில்தான் தெரியும். அப்புறம், கூடுதல் நேரமோ, பெரிய எழுத்து வினாத்தாளோ, வாசித்துக் காட்டும் உதவியோ தேவைப்படும் குழந்தைகள் யார் யார் என்ற பட்டியலையும் இப்போதே வாங்கி வையுங்கள். தேர்வு நாள் காலையில் அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது.

ஒரு பெரிய தாளில் வாரங்களை வரிசையாகக் கோடு போட்டு எல்லாத் தேர்வையும் அதில் எழுதுங்கள். மேலிருந்து வருவதற்கு ஒரு நிறம், பள்ளிக்கு ஒரு நிறம், உங்களுடையதற்கு ஒரு நிறம். ஒரே வாரத்தில் மூன்று நிறமும் இருந்தால் அந்த வாரத்தில் உங்களுடையதை எடுத்துவிடுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2. ஒரு தேர்வு உண்மையில் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

"40 நிமிடத் தேர்வு" என்று அட்டவணையில் இருக்கும். நான் ஒரு தேர்வை முழுவதும் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்தேன். முந்தின நாள் திருப்புதல் ஒரு பாடவேளை, 40 நிமிடம். பைகளை ஓரமாக வைத்து, இடம் மாற்றி உட்கார வைத்து, தாள் கொடுத்து, பெயரும் பிரிவும் எழுத வைக்க 10 நிமிடம். தேர்வு 40 நிமிடம். முடிக்காத சில பேருக்காக மொத்த வகுப்பும் காத்திருந்தது 15 நிமிடம். திருத்திக் கொடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்னது இன்னொரு பாடவேளை, 40. அன்று வராத மூன்று பேருக்கு மறுபடி வைத்தபோது மற்றவர்களுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தது 40. கூட்டினால் 185 நிமிடம், அதாவது நான்கரைப் பாடவேளைக்கும் மேல்.

மூன்று பாடத்தில் ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு ஆறு தேர்வு என்று வைத்துக்கொண்டால் 18 தேர்வு, 3,330 நிமிடம், 83 பாடவேளை. ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை என்றால் பத்து நாளுக்கும் மேல் போய்விடுகிறது. இதில் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து திருத்தும் நேரத்தைச் சேர்க்கவில்லை.

உங்கள் எண்ணிக்கை வேறாக இருக்கும். பரவாயில்லை, ஒரே ஒரு தேர்வை மட்டும் இப்படி அளந்து பாருங்கள், போதும். எந்த இடத்தில் வெட்டலாம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். மேலே சொன்ன 185-இல் தேர்வு என்பது 40 தான், மிச்சம் 145 நிமிடத்தில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

முதலில் வெட்ட வேண்டியது திருப்புதல் பாடவேளையை. தேர்வுக்கு முந்தின நாள் அதே மாதிரிக் கேள்விகளைப் போட்டுப் பழக்கினால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். ஆனால் போன வாரம் நடத்தியது குழந்தைக்கு நின்றிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே தேர்வு வைக்கிறோம். மாதிரித் தேர்வு வைத்து, அதற்கு ஒரு மாதிரித் தேர்வு வைக்கும் வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். வினாத்தாளின் வடிவம் குழந்தைக்குப் பழக வேண்டும் என்றால் வருடத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, பத்து நிமிடம் காட்டினால் போதும்.

3. எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று தலைமையாசிரியரிடம் பேசுங்கள்

கையில் தாளுடன் போங்கள். "நேரம் போதவில்லை" என்று வாயால் சொன்னால் எல்லா ஆசிரியரும் சொல்வதுதானே என்று போய்விடும். நான் அந்த நிறத்தாளையும் 185 நிமிடக் கணக்கையும் மேசையில் வைத்து, "ஐந்தாவது வாரத்தில் பாட இறுதித் தேர்வும் பொது மதிப்பீடும் ஒரே பகுதியைத்தான் கேட்கின்றன, பொது மதிப்பீட்டின் மதிப்பெண்ணையே இரண்டுக்கும் எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் சரி என்றார்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள். "தேர்வுகளைக் குறைக்க வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் அது கொள்கைப் பேச்சாக மாறிவிடும், புதிதாக வந்தவர் அந்தப் பேச்சில் ஜெயிப்பது கஷ்டம். மேலிருந்து வரும் கட்டாயத் தேர்வில் கை வைக்க முடியாது, அதற்குச் சக்தியை வீணாக்க வேண்டாம். அதே பகுதியைக் கேட்கும் மற்றத் தேர்வுகளைத்தான் விட வேண்டும். ஒப்புக்கொண்டதை ஒரு வரியில் எழுதி, தேதி போட்டு, உங்கள் பாடக்குறிப்பேட்டிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆய்வுக்கு யாராவது வந்து "இந்தத் தேர்வின் விடைத்தாள் எங்கே?" என்று கேட்டால் அந்தக் கையெழுத்துதான் உங்களைக் காப்பாற்றும். வாய்ச்சொல்லை நம்பி நான் ஒரு முறை மாட்டிக்கொண்டு, நடந்து முடிந்த பாடத்துக்கு மூன்று வாரம் கழித்துத் தேர்வு வைத்திருக்கிறேன்.

செலவையும் அப்போதே பேசிவிடுங்கள். 36 குழந்தைகளுக்கு நான்கு பக்க வினாத்தாள் என்றால் 144 பக்கம், இருபுறமும் அச்சடித்தால் 72 தாள். 18 தேர்வுக்கு 1,296 தாள். இதை யார் தருவது, எங்கே அச்சடிப்பது, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்காமல் விட்டால் கடைசியில் உங்கள் பணத்தில் ஜெராக்ஸ் எடுப்பீர்கள். கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். மூன்றாம் வகுப்புக் குழந்தை பலகையைப் பார்த்துப் பத்துக் கேள்வியை எழுதி முடிக்கவே இருபது நிமிடம் ஆகிவிடும், பிறகு நீங்கள் சோதிப்பது கணக்கை இல்லை, பார்த்து எழுதும் வேகத்தைத்தான்.

4. தேர்வுத் தேதியைக் குறிக்கும் முன்பே மறுகற்பித்தல் நாளைக் குறியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நிறத்தாளில் ஒவ்வொரு பொது மதிப்பீட்டுக்கும் பிறகு, இரண்டு பள்ளி நாளுக்குள், ஒரு முழுப் பாடவேளையை "மறுகற்பித்தல்" என்று எழுதிக் கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்துக்கு இடம் இல்லையென்றால் அந்தத் தேர்வை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். உங்கள் கையில் உள்ள தேர்வாக இருந்தால் விட்டே விடலாம். கற்பித்தலைத் திருத்திக்கொள்ள உதவும்போதுதான் மதிப்பீடு கற்றலைக் கூட்டுகிறது என்பதை கல்வி ஆய்வாளர்களான பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998-இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். வளரறி மதிப்பீடு (பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தை எப்படிக் கற்கிறது என்று பார்ப்பது) என்று இன்று நாம் பதிவேட்டில் எழுதும் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணமும் இதுதான், ஆனால் பதிவேட்டில் மதிப்பெண் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

தேர்வு நடத்த ஒரு வாரமோ பத்து நாளோ கொடுத்தால் முதல் மூன்று நாளுக்குள் நடத்திவிடுங்கள். எல்லோரும் இன்னும் கொஞ்சம் நடத்திவிட்டு வைக்கலாம் என்று கடைசி நாளுக்குத் தள்ளுவார்கள். அப்படித் தள்ளினால் வராத குழந்தைகளுக்கு மறுபடி வைக்க நாள் இருக்காது, அவசரமாகத் திருத்த வேண்டியிருக்கும், மறுகற்பித்தல் அடுத்த பாடத்துக்குள் போய் விழும்.

5. வினாத்தாளை நீங்கள் ஒரு முறை போட்டுப் பாருங்கள்

மேலிருந்து வரும் தாளை மாற்ற முடியாது. வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து தயாரிப்பதை மாற்றலாம், அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள்.

எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கேள்வி இது: 52 − 27. எங்கள் பொதுத் தாளில் இருந்தது. பதினோரு பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்று முடிவு செய்து இரண்டு நாள் முதலிலிருந்து நடத்தினேன். மறுபடி வைத்தபோது அதில் பாதிப் பேர் அதே தப்பைச் செய்தார்கள். அப்புறம்தான் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எப்படிப் போட்ட? சொல்லு பார்ப்போம்" என்றேன். "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன், அஞ்சு" என்றாள். அடுத்து ஒரு பையன். அவன் அழகாகக் கடன் வாங்கினான், இரண்டைப் பன்னிரண்டு ஆக்கினான், பன்னிரண்டில் ஏழு போக ஐந்து என்றான். ஆனால் பத்தின் இடத்தில் ஐந்தை நான்காகக் குறைக்காமல் ஐந்தில் இரண்டு போக மூன்று என்று எழுதினான். இரண்டு பேர் விடையும் 35. அவளுக்குக் கடன் வாங்குவதே தெரியாது, அவனுக்கு அது நன்றாகத் தெரியும், கொடுத்த இடத்தில் குறைக்க மட்டும் மறந்துவிட்டான். நான் இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தை நடத்தியிருக்கிறேன்.

அதே கேள்வியை 53 − 27 என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 26. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் குழந்தை 34 எழுதும். கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறந்த குழந்தை 36 எழுதும். கூட்டிவிட்ட குழந்தை 80 எழுதும். ஒரே ஒரு இலக்கம் மாறியதும் விடையைப் பார்த்தவுடனே யாருக்கு என்ன என்று தெரிந்துவிடுகிறது. ஒன்றின் இடத்தில் இருக்கும் இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் ஐந்தாக இருந்தால்தான் இரண்டு தப்பும் ஒன்றாகிவிடும், அதைத் தவிர்த்தால் போதும்.

இதற்காகத்தான் தாளை முதலில் நீங்களே போட்டுப் பார்க்கச் சொல்கிறேன், சரியாக ஒரு முறை, குழந்தை எப்படித் தப்பாகப் போடும் என்று நினைத்து ஒரு முறை. இருபது நிமிட வேலை, ஆனால் அது இரண்டு நாள் பாடத்தை மிச்சப்படுத்தும். எத்தனை கேள்வி என்றால், ஒரு திறனுக்கு மூன்று அல்லது நான்கு இருந்தால் போதும் என்பது என் அனுபவம். ஒன்றே ஒன்று இருந்தால் அது கவனக்குறைவா புரியாமையா என்று சொல்ல முடியாது, ஏழெட்டு இருந்தால் நேரம்தான் போகும். மூன்று திறனுக்குப் பன்னிரண்டு கேள்வி, மூன்றாம் வகுப்புக்கு 25 முதல் 30 நிமிடத்தில் முடியும். ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், அதற்குப் பிறகு அவர்கள் எழுதுவது களைப்பில் எழுதுவது.

6. தேர்வு நாள்

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. காலை இரண்டாவது பாடவேளை நல்ல நேரம், தாமதமாக வருகிறவர்களும் வந்துவிடுவார்கள், பசியும் தொடங்கியிருக்காது. நீண்ட விடுமுறை முடிந்து திறந்த முதல் நாளும் விளையாட்டு விழா வாரமும் வேண்டாம். சீக்கிரம் முடிக்கிறவர்களுக்கு வாசிக்கக் கதைப்புத்தகம் மேசையிலேயே இருக்கட்டும். முடிக்காதவர்களுக்காக மொத்த வகுப்பையும் காக்க வைக்காதீர்கள், எந்தக் கேள்வி வரை வந்தார்கள் என்று தாளில் ஒரு கோடு போட்டு, அன்று மாலையோ மறுநாள் காலையோ மிச்சத்தை எழுதச் சொல்லலாம். பொதுத் தாளின் விதி அதை அனுமதிக்கவில்லை என்றால் கோடு மட்டுமாவது போடுங்கள், தெரியாமல் விட்டதா நேரமில்லாமல் விட்டதா என்பது பிறகு தெரிய வேண்டும்.

7. திருத்துவது: தாள் தாளாக வேண்டாம், கேள்வி கேள்வியாக

ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 36 தாளுக்கு மூன்று மணி நேரம். தாள் தாளாகத் திருத்தும்போது பத்தாவது தாளில் ஒரு மாதிரியும் முப்பதாவது தாளில் வேறு மாதிரியும் மதிப்பெண் போடுவோம், களைப்பு அப்படி. முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்திவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். வேகமும் கூடும், ஒரே தப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதும் கண்ணில் படும்.

இதற்கு ஒரு தாள் வேண்டும். இடது பக்கம் குழந்தைகளின் பெயர், மேலே கேள்வி எண்கள், கட்டங்கள். சரி என்றால் ஒரு டிக், தப்பு என்றால் குழந்தை எழுதிய விடையை அப்படியே எழுதுங்கள். வெறும் தப்புக்குறி போட்டால் 34-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தொலைந்துவிடும். எக்செல்லில் செய்யலாம், காகிதமே எனக்கு வசதியாக இருக்கிறது. மொத்த மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போகும், இந்தத் தாள் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முதல் நாளே திருத்த முடியவில்லை என்றால் முக்கியமான இரண்டு கேள்விகளை மட்டும் அன்று மாலை 20 நிமிடத்தில் பார்த்துவிடுங்கள். மறுகற்பித்தலைத் திட்டமிட அது போதும், மிச்சத்தை அந்த வாரத்துக்குள் முடிக்கலாம்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு விஷயம். குழந்தைகளுக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தால் என்ன, எழுத்துக் குறிப்பு மட்டும் கொடுத்தால் என்ன, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் ஒப்பிட்டுப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்து நன்றாகச் செய்தார்கள், மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தவர்களுக்குக் குறிப்பால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வகுப்பில் கவனித்தாலே தெரியும், எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவன் எண்ணைப் பார்ப்பார்கள், சிவப்பு மையில் நாம் எழுதியது அப்படியே கிடக்கும். அதனால் நான் முதலில் மதிப்பெண் இல்லாமல் "மூன்றாவது கணக்கில் பத்தின் இடத்தைத் திரும்பப் பார்" என்ற மாதிரி ஒரு வரியோடு தாளைக் கொடுக்கிறேன், அவர்கள் திருத்திய பிறகு, மறுநாள், மதிப்பெண் சொல்கிறேன். பெற்றோருக்கும் மதிப்பெண் போக வேண்டும், போகட்டும், ஒரு நாள் கழித்துப் போனால் ஒன்றும் ஆகாது.

8. மறுகற்பித்தல் பாடவேளையில் என்ன செய்வது

எல்லாக் கேள்விக்கும் பலகையில் விடை எழுதிப் போடுவது மறுகற்பித்தல் இல்லை. சரியாகப் போட்டவர்கள் கொட்டாவி விடுவார்கள், தப்பாகப் போட்டவர்கள் விடையைப் பார்த்து எழுதுவார்கள்.

கட்டத் தாளைப் பார்த்து மூன்று குழுவாகப் பிரியுங்கள். 34 எழுதியவர்கள், 36 எழுதியவர்கள், சரியாகச் செய்தவர்கள். சரியாகச் செய்தவர்களுக்குக் கொஞ்சம் யோசிக்க வைக்கும் வேலை கொடுங்கள், உதாரணமாக 402 − 178, நடுவில் பூஜ்யம் வருவது. அவர்களை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் பயன்படுத்தாதீர்கள், அவர்களுடைய பாட நேரமும்தான் இது. 36 குழுவுக்கு ஐந்து நிமிடம் போதும்: அவர்கள் போட்ட கணக்கையே காட்டி, விடையோடு 27-ஐக் கூட்டினால் 53 வருகிறதா என்று சரிபார்க்கச் சொன்னால் பெரும்பாலும் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மிச்ச நேரம் முழுவதும் 34 குழுவுக்கு. அதே விளக்கத்தை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகச் சொல்வதில் பயன் இல்லை, பொருளை மாற்ற வேண்டும். நான் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்து கட்டு, மூன்று உதிரி. "இதிலிருந்து 27 கொடு" என்று கை நீட்டுவேன். இரண்டு கட்டைத் தந்துவிடுவார்கள், அப்புறம் மூன்று உதிரியையும் தந்துவிட்டு முழிப்பார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருக்க விடுங்கள். யாராவது ஒருவர் ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றுவார், குச்சிகள் சிதறும், "இப்ப தரலாம் டீச்சர்" என்று ஒரு குரல் வரும். ரப்பர் கழற்றிய கட்டு இனிமேல் கட்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த குழந்தைக்குப் பத்தின் இடத்தில் ஏன் ஒன்று குறைகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

9. தனித்தனியாக வைக்கும் வாசிப்புச் சோதனை

இதுதான் நேரத்தை அதிகம் தின்பது. ஒரு நிமிடம் வாசிக்க வைத்துச் சரியாக வாசித்த சொற்களை எண்ணுவது என்பார்கள். ஒரு நிமிடம் என்று சொன்னாலும் கூப்பிட்டு, உட்கார வைத்து, பயம் தெளிந்து, வாசித்து, குறித்து முடிக்க நான்கு நிமிடம். 36 பேருக்கு 144 நிமிடம். அதுவரை மற்ற 35 பேர் என்ன செய்வார்கள்?

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். தினமும் ஆறு பேர், முதல் பாடவேளையில் மற்றவர்கள் அமைதியாக வாசிக்கும் அந்த 25 நிமிடத்தில், ஆறு நாளில் முடிந்துவிடும், பாடம் எதுவும் நிற்காது. ஆனால் அமைதி வாசிப்பு என்ற பழக்கம் வகுப்பில் முன்பே இருக்க வேண்டும், சோதனை வாரத்தில் புதிதாகத் தொடங்கினால் "டீச்சர், டீச்சர்" என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள். இரண்டு வாரம் முன்னாலேயே பழக்கிவிடுங்கள்.

எத்தனை சொல் என்பதோடு எந்தச் சொல்லில் தடுக்கியது என்பதையும் குறியுங்கள். ஒரு குழந்தை 'கொடி'யைக் 'கோடி' என்றும் 'பெட்டி'யைப் 'பேட்டி' என்றும் வாசித்தால் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு பிரச்சினை, பத்து நிமிடப் பயிற்சி தினமும் கொடுத்தால் சரியாகும். இன்னொரு குழந்தை எல்லாவற்றையும் சரியாக, ஆனால் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிறது, அதற்கு வேண்டியது எளிய பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. இரண்டு பேருக்கும் சொல் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். நன்றாக வாசிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களை வருடத்தில் மூன்று முறையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் இடைச் சோதனையைத் தேவைப்படும் குழந்தைகளுக்கு மட்டும் வைக்க ஒப்புக்கொள்வார்கள்.

10. பாடத்துக்குள்ளேயே ஐந்து நிமிடம்

பொது மதிப்பீட்டில் வரும் அதிர்ச்சியைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி. துண்டுத் தாளில் எழுதிக் கதவருகே என் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த இடைவேளையில் மூன்று குவியலாகப் பிரிப்பேன், சரி, பாதி, தெரியவில்லை. நான்கு நிமிடம் ஆகும். மதிப்பெண் கிடையாது, பதிவேட்டில் ஏற்றவும் மாட்டேன். ஏற்ற ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு தேர்வாகிவிடும்.

சிலேட்டு இருந்தால் தாளும் வேண்டாம், எல்லோரையும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லலாம். "புரிந்ததா?" என்று கேட்டு வரும் "புரிந்தது டீச்சர்" கோரஸை நம்பாதீர்கள்.

வாரம் ஒரு நாள், போன மாதம் நடத்தியதிலிருந்து மூன்று கேள்வியைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்ட நாள் நிற்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர்களான ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். வாசித்து முடித்த ஐந்து நிமிடத்தில் பார்த்தால் திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழ். என் குழந்தைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன், அதனால் திருப்புதல் பாடவேளையை வெட்டியதற்கு ஈடாக இதை வைத்திருக்கிறேன்.

11. பக்கத்துப் பிரிவோடு ஒப்பிடும்போது

மதிப்பெண் பட்டியல்கள் மேசைக்கு வந்ததும் சராசரியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அ பிரிவு 72, ஆ பிரிவு 65 என்றதும் ஆ பிரிவு ஆசிரியர் தலையைக் குனிந்துகொள்வார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த முறை கட்டத் தாளை எடுத்துப் போய், "ஏழாவது கேள்வி உங்கள் பிரிவில் நன்றாக வந்திருக்கிறது அக்கா, எப்படி நடத்தினீர்கள்?" என்று கேட்டேன். அவர் தன் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, நான்காக மடித்து, மூன்றாக மடித்து, கால் ஏன் மூன்றில் ஒன்றைவிடச் சின்னது என்று காட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் என் வகுப்பிலும் கயிறு இருந்தது.

கூட்டத்துக்கு அரை மணி நேரம் போதும், சராசரியைப் பேசாமல் இரண்டு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பொது மதிப்பீடு முடிந்த வாரமே இதைத் தொடங்கிவிடுங்கள், இரண்டாவதுக்குப் பிறகு என்றால் எல்லோரும் அடுத்த பருவ வேலையில் இறங்கியிருப்பார்கள்.